ரெனோன்சான்: துறந்தவரா, அறிவித்தவரா?

பிரெஞ்சில் 'ரெனோன்சான்' வினையடியாகப் பிறந்த பெயரடை. பாரீசில் அரிதாகவே காதில் விழும். புதுச்சேரியிலோ ஒரு சமூகத்தின் பெயராகவே நிலைத்துவிட்டது. 'துறந்தவர்' என்று தமிழாக்கினால் காவியும் கமண்டலமும் கண்முன் வருகின்றன. பொருள் கைநழுவிப் போகிறது.

லத்தீனில் நுன்தியுஸ் என்றால் தூதுவர். போப்பாண்டவரின் தூதரைக் கத்தோலிக்கர் இன்றும் நுன்சியோ என்கிறார்கள். அதிலிருந்து வந்த ரெனுன்தியாரே, செய்தியைத் திரும்பக் கொண்டுவந்து சொல்வது. உரோமில் தேர்தலில் வென்றவர் பெயரைக் கூட்டத்தில் அறிவிப்பதையும் இந்த வினையாலேயே குறித்தார்கள். 'இனி எனக்கு வேண்டாம்' என்று அறிவித்துக் கைவிடும் பொருளும் அதற்கு உண்டு.

புதுச்சேரியில் நடந்ததும் இந்த அறிவிப்புதான். இந்தியர் வழக்குகளை அவரவர் சாதி வழக்கப்படியே தீர்ப்பது என்று 1819இல் பிரெஞ்சு ஆட்சி உறுதியளித்திருந்தது. அந்தத் தனிநபர்ச் சட்டத்தை விட்டுப் பிரெஞ்சு சிவில் சட்டத்தின்கீழ் வர 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணை வழிவிட்டது. அதிகாரி முன்னிலையில் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். குடும்பப் பெயர் ஒன்றும் வைத்துக்கொள்ள வேண்டும். சொன்னதைத் திரும்பப் பெற முடியாது. மதமோ மொழியோ மாற வேண்டியதில்லை. ஆகவே, துறவு என்பதைவிடப் பிரகடனம் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

ரெனோன்சான் இயக்கத்தின் முன்னோடி வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை. 1873இல் ஐரோப்பியக் காலணியோடு நீதிமன்றத்துக்குள் போனதற்காகத் தண்டிக்கப்பட்டார். அன்றைய வழக்கப்படி இந்தியர் செருப்பை வெளியே கழற்றிவிட வேண்டும். அவர் விடவில்லை, பாரீசின் உச்ச முறையீட்டு மன்றம் வரை போய் வென்றார். பின்னாளில் அவர் ஏற்ற குடும்பப் பெயர் லபோர்த்: வாயில் என்று பொருள், லத்தீன் போர்ட்டாவின் வழித்தோன்றல். பெயரைத் தேர்ந்தவருக்குக் குறும்பு இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

எல்லாருக்கும் இந்தப் பிரகடனம் உவக்கவில்லை. சாதி வழக்கம் குலையும் என்று அஞ்சியவர்களுக்கு நாடு சண்முக வேலாயுத முதலியார் தலைமை தாங்கினார். 1884இல் வாக்காளர் பட்டியலிலேயே ரெனோன்சான்களுக்குத் தனி வரிசை வந்தது. 1899இல் அது நீக்கப்பட்டது.

தனி வரிசை போனாலும் சொல் போகவில்லை. பிரெஞ்சுக்காரர் விடைபெற்ற பிறகு, 1963இல் இந்து திருமணச் சட்டமும் வாரிசுரிமைச் சட்டமும் புதுச்சேரிக்கு விரிவாக்கப்பட்டபோது, 'புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் ரெனோன்சான்களுக்கு இவை பொருந்தா' என்ற விலக்கு சேர்க்கப்பட்டது. திருமண, சொத்து வழக்குகளில் வழக்கறிஞர்கள் இன்றும் அந்த உட்பிரிவைப் புரட்ட வேண்டியிருக்கிறது.