எம். எஸ். ராஜேஸ்வரி

எம். எஸ். ராஜேஸ்வரி தமிழ்த் திரைப்படப் பின்னணிப் பாடகி ஆவார். குழந்தைக் குரலில் பாடிய பாடல்களால் பெயர் பெற்றவர்.

ஏவிஎம் நிறுவனம் காரைக்குடியில் இயங்கிவந்தபோது தயாரித்து, 1947 இல் வெளியிட்ட நாம் இருவர் படத்தில், குமாரி கமலாவுக்காகக் காந்தியடிகளைப் போற்றும் பாடல்களைப் பாடினார். பராசக்தி (1952) படத்திலும் பாடியுள்ளார். இரு படங்களுக்கும் இசையமைத்தவர் ஆர். சுதர்சனம்.

நடிப்பவரே பாட வேண்டும் என்ற பழைய வழக்கம் மாறிப் பின்னணிப் பாடல் முறை நிலைபெற்ற காலம் அது. இதனால் இசைப் பயிற்சி இல்லாத குழந்தைகளும் திரையில் பாடுவதாகக் காட்ட முடிந்தது. அக்குழந்தைகள் பலருக்கு ராஜேஸ்வரியே குரலானார். களத்தூர் கண்ணம்மாவில் (1960) அறிமுகமான சிறுவன் கமல்ஹாசனுக்கும், குழந்தையும் தெய்வமும் (1965) படத்தில் குட்டி பத்மினிக்கும் பாடியவர் இவரே. திரையில் தெரிந்த குழந்தைகளின் முகம் மக்கள் மனத்தில் பதிந்த அளவுக்கு, பாடியவரின் பெயர் பதியவில்லை.

கமல்ஹாசன் கதாநாயகனாக நடித்த நாயகன் (1987) படத்தில், இளையராஜா இசையில் கே. ஜமுனாராணியுடன் இணைந்து ராஜேஸ்வரி பாடினார். இம்முறை அது குழந்தைப் பாடலன்று, நடனப் பாடல். சிறுவனாக இவர் குரலுக்கு வாயசைத்தவர், 27 ஆண்டுகளுக்குப் பின் அப்படத்தின் நாயகனாக இருந்தார்.

ராஜேஸ்வரி 2018 ஏப்ரல் 25 அன்று சென்னையில் காலமானார்.