பேராவூரணி பக்கம் வீடு வாங்கப் போறீங்களா? மழைத் தண்ணி எந்த வழியா போகும்னு முதல்ல பாருங்க!

சித்திரையில் மனை பார்க்கப் போனால் எல்லா இடமும் மேடாகத்தான் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் போய்ப் பார்த்தால்தான் உண்மை தெரியும். காவிரிப் பாசனத்தின் கடைமடையான பேராவூரணியில் வீடு வாங்குபவர்கள் விலை பேசும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

கடைமடைக்கு வெள்ளம் வருமா?

'வாய்க்கால்ல தண்ணியே ஒழுங்கா வர்றதில்ல, வெள்ளம் எங்கேர்ந்து வரும்?' என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் இங்கே வெள்ளம் வர காவிரி தேவையில்லை. புதுக்கோட்டை பக்கம் பெய்யும் மழை, அக்னியாறு, அம்புலியாறு போன்ற காட்டாறுகள் வழியாக இந்தப் பகுதியைத் தாண்டித்தான் கடலுக்குப் போகிறது. 2008 நவம்பரில், நிஷா புயலின்போது ஒரத்தநாட்டில் 24 மணி நேரத்தில் கொட்டிய மழை சுமார் 66 செ.மீ. சரியாக 10 ஆண்டுகள் கழித்து, 2018 நவம்பர் 16-ல் கரையைக் கடந்த கஜா, தென்னையோடு சேர்த்து வீட்டுக் கூரைகளையும் சாய்த்துவிட்டுப் போனது.

எந்த ஆவணத்தைப் பார்ப்பது?

பலரும் பட்டா, வில்லங்கச் சான்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வில்லங்கச் சான்று அடமானத்தைச் சொல்லும், தண்ணீரைச் சொல்லாது. அதற்கு அ-பதிவேடும், எஃப்.எம்.பி. எனப்படும் புல வரைபடமும் வேண்டும். தமிழக அரசின் நில ஆவண இணையதளத்திலேயே இவற்றைப் பார்க்கலாம். உங்கள் சர்வே எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. சுற்றியுள்ள எண்களில் குளம், வாய்க்கால், நீர்நிலைப் புறம்போக்கு ஏதாவது வருகிறதா என்று பாருங்கள். வரைபடத்தில் வாய்க்கால் இருக்கும் இடத்தில் இன்று தார் ரோடு இருந்தால், மழைநீர் அந்தப் பழைய வழியைத்தான் தேடி வரும்.

நஞ்சை மனையான இடம் என்றால் கூடுதல் கவனம் தேவை. வயல் என்பதே தண்ணீர் நிற்க வேண்டும் என்று சமப்படுத்திய நிலம். டி.டி.சி.பி. அங்கீகாரம் அவசியம்தான். ஆனால் அது வெள்ளம் வராது என்பதற்கான உத்தரவாதம் அல்ல.

அப்புறம், புரோக்கர் இல்லாமல் ஒருமுறை தனியாகப் போங்கள். பக்கத்து வீட்டுச் சுவரில் தண்ணீர்க் கறை இருக்கிறதா? 2008-ல் எதுவரை நின்றது? தெருமுனை டீக்கடையில் கேட்டாலே பதில் கிடைத்துவிடும்.

அரசு நிவாரணம் கிடைக்காதா?

கிடைக்கும். ஆனால் எவ்வளவு? 2022-26 காலத்துக்கான பேரிடர் நிவாரண விதிகளின்படி, சமவெளியில் முழுமையாக இடிந்த வீட்டுக்கு ரூ.1.2 லட்சம். பகுதி சேதமான கான்கிரீட் வீட்டுக்கு ரூ.6,500. தண்ணீர் புகுந்த வீட்டில் கதவு, வயரிங், மோட்டார் என்று மாற்ற ஆரம்பித்தால் இது எந்த மூலைக்கு?

காப்பீடு எப்படி?

2021 ஏப்ரல் 1 முதல் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுவான வீட்டுக் காப்பீடு நடைமுறையில் இருக்கிறது. ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த பாலிசி என்பதால், எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் அடிப்படை விதிகள் ஒன்றுதான். தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம் எல்லாம் இதில் அடங்கும். 10 ஆண்டுகள் வரை எடுக்கலாம்.

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். காப்பீட்டுத் தொகை, வீடு வாங்கிய விலை அல்ல. திரும்பக் கட்ட ஆகும் செலவு. உதாரணமாக மனையோடு சேர்த்து ரூ.45 லட்சத்துக்கு வாங்கிய வீட்டில் கட்டுமானச் செலவு ரூ.20 லட்சம் என்றால், 20 லட்சத்துக்கு எடுத்தால் போதும். மண் எங்கேயும் போகாது! வீட்டுச் சாமான்களுக்கு அதில் 20 சதவீதம், அதாவது ரூ.4 லட்சம் தானாகவே சேரும். இதற்கு உச்சவரம்பு ரூ.10 லட்சம். நகைக்குத் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும்.

'லோன் போடும்போதே பேங்க்ல இன்சூரன்ஸ் எடுத்தாச்சே' என்கிறீர்களா? அந்தப் பத்திரத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பல நேரங்களில் அது கடன் வாங்கியவரின் உயிருக்கான காப்பீடாக இருக்கும். சுவர் இடிந்தால் அதில் ஒரு ரூபாய்கூட வராது.

கொல்லையில் நிற்கும் தென்னையும் வீட்டுக் காப்பீட்டில் வராது. அதற்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் மரக் காப்பீட்டுத் திட்டம் தனியாக இருக்கிறது.

தண்ணீர் புகுந்துவிட்டால் உடனே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லுங்கள். சுத்தம் செய்யும் முன், சுவரில் தண்ணீர் நின்ற மட்டம் தெரியும்படி போனில் படம் எடுத்து வையுங்கள். சர்வேயர் வந்து பார்க்கும் வரை நனைந்த சாமான்களைத் தூக்கி எறிய வேண்டாம்.