ஆரணி ரோடு வரை

ஆரணி நகருக்குள் ரயில் நிலையம் கிடையாது. 'ஆரணி ரோடு' என்றொரு நிலையம் உண்டு. அது பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, அரிசி ஆலைகளுக்குப் பேர்போன களம்பூரில் இருக்கிறது. தென்னிந்திய ரயில்வே விழுப்புரத்திலிருந்து காட்பாடி வழியாகத் தர்மவரம் வரை அமைத்து 1891-இல் திறந்த மீட்டர்கேஜ் பாதை, போளூரையும் வேலூரையும் தொட்டுவிட்டு ஆரணியை ஒதுக்கிச் சென்றது. வராத ரயிலுக்கு ஊரின் பெயரைச் சூட்டி, நடுவில் கிடக்கும் சாலையையும் அப்பெயரிலேயே ஒட்டவைத்துவிட்டார்கள்.

அந்தச் சாலையில்தான் சென்ற வாரம் ஒரு மாலைப்பொழுதில் நாங்கள் இருவரும் மிதிவண்டியில் புறப்பட்டோம். உடன் வந்தவர் எங்களோடு பள்ளியில் படித்தவர். மூன்று தலைமுறையாகப் பட்டுத் தறி நெய்யும் குடும்பம். பகலெல்லாம் குழித்தறியில் மிதி மிதித்த கால்களுக்கு மாலையில் இன்னொரு மிதியா என்று கேட்டால், "அது ஒரே எடத்துல மிதிக்கறது, இது ஊர் தாண்டி மிதிக்கறது" என்று சிரிப்பார்.

பேச்சு, வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் அனுப்பியிருந்த நிழற்படங்களைப் பற்றித் தொடங்கியது. கைவிடப்பட்ட ரயில் பாதையைச் செப்பனிட்டு, இருமருங்கும் மரம் வளர்த்து, நடப்போருக்கும் மிதிவண்டிக்காரருக்கும் உரிய வழியாக்கியிருக்கிறார்கள். 'பசுவழி' என்று நாம் அதைச் சொல்லலாம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் எல்ராய்க்கும் ஸ்பார்ட்டாவுக்கும் இடையிலான பாதை 1960களிலேயே இவ்வாறு மாற்றப்பட்டது. ஸ்பெயின் நாடு 1993 முதல் இதை ஒரு தேசியத் திட்டமாகவே நடத்துகிறது.

நம்மிடமும் கைவிடப்பட்ட பாதைகள் இருந்தன. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும், மொரப்பூரிலிருந்து தருமபுரி வழியாக ஓசூருக்கும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குறுகிய பாதை ரயில்கள் ஓடின. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1941-இல், அவற்றை மூடித் தண்டவாளங்களைப் பெயர்த்துச் சென்றனர். இரும்புக்கு மதிப்பிருந்தது, அது கிடந்த தடத்தைப் பேண வேண்டும் என்ற எண்ணம் எவருக்கும் எழவில்லை.

அப்படியானால் பசுவழி என்பது நமக்கு அந்நியமான கருத்தா? வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. வழிநெடுக ஆலமரம் நட்டதை அசோகர் தம் ஏழாம் தூண் சாசனத்தில் பொறித்துவைத்தார். மதுரையை 1689 முதல் 1706 வரை ஆண்ட ராணி மங்கம்மாளின் பெயரைத் தென்பாண்டிச் சாலைகள் இன்றும் சுமக்கின்றன. நம் தொண்டை மண்டலத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரி வாரியத்தையும் தோட்ட வாரியத்தையும் அடுத்தடுத்துப் பேசுகின்றன. ஆண்டு வாரியமாகிய சம்வத்சர வாரியத்துக்கு வருவோர், முன்னரே இவ்விரண்டிலும் பணியாற்றியிருத்தல் விரும்பப்பட்டது. கரையையும் மரத்தையும் காத்தவனே ஊரைக் காக்கத் தக்கவன் என்பது அதன் பொருள்.

ஆங்கிலேயர் ஆட்சியில் சாலைப் புளியமரங்கள் வருவாய் இனமாயின. புளி ஆண்டுதோறும் ஏலம் போயிற்று. சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' (1966) படித்தவர்களுக்கு அந்த ஏலமும் அதைச் சுற்றிய அரசியலும் நினைவிருக்கும்.

பாதி வழியில் புளியமரங்கள் ஐந்தாறு நெருங்கி நின்ற ஓரிடத்தில் நண்பர் வண்டியை நிறுத்தினார். "வாத்தியாரே, உங்களுக்கு இது காத்து வாங்கற எடம். எங்க தாத்தா பார்த்திருந்தா இங்க பாவு போடலாமான்னுதான் கேட்டிருப்பாரு" என்றார்.

சாசனத்திலும் நாவலிலும் கிடைக்காத செய்தி அது. தறிக்கு ஏறுமுன் பாவை நீளவாக்கில் இழுத்துக் கட்டி, இழை பிரித்து, அறுந்ததை முடிந்து, கஞ்சி தோய்த்து உலர்த்த வேண்டும். மூன்று புடைவைக்கு ஒரு பாவு என்றால் ஏறத்தாழப் பதினெட்டு மீட்டர். எந்த வீட்டுக்குள்ளும் அது அடங்காது. வெயில் நேராக விழுந்தால் கஞ்சி சட்டென்று காய்ந்து இழை முறுகும். ஆகவே நேரான தெரு வேண்டும். அதன் மேல் நிழலும் வேண்டும். சேலம் பக்கத்தில் இதற்கென்றே ஒதுக்கிய நிலத்தைப் 'பாவடி' என்றார்கள். இன்றும் அது தெருப்பெயராக நிற்கிறது. நெசவூர்களின் நீண்ட, அகன்ற, மரமடர்ந்த தெருக்கள் அழகுக்காக மட்டும் அமைந்தவை அல்ல. அவை தறியின் நீட்சி.

நண்பரின் தெருவில் இருந்த மூன்று புங்க மரங்கள் சிமெண்டுத் தளம் போட்டபோது போயின. இப்போது விடியுமுன் பாவு விரித்து, பால் வண்டி வருவதற்குள் சுருட்டிவிடுகிறார். தாமதமானால் இரு சக்கர வாகனங்கள் ஒலி எழுப்பும். "யாரும் திட்டறதில்ல. ஆனா வழிய அடைச்சுட்டமேன்னு நமக்கே கூச்சமா இருக்கு" என்றார். எந்த வேலைக்காகத் தெரு உண்டாயிற்றோ, அந்த வேலை இன்று அதே தெருவில் இடையூறாகிவிட்டது! எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

களம்பூரை அடைந்தபோது இருட்டிவிட்டது. இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டு முடியும் தறுவாயில் இப்பாதை அகலப்பாதையாயிற்று. நிலையத்துத் தேநீர்க் கடையில் தேநீர் அருந்திவிட்டுத் திரும்பினோம். வரும்போது சாலையோர அடிமரங்களை எண்ணிப் பார்க்கலாம் என்றிருந்தோம். இருளில் எண்ண இயலவில்லை.

பசுவழி அமைக்கப் பணம் வேண்டும், திட்டம் வேண்டும் என்கிறார்கள், இருக்கட்டும். அதற்கு முன் ஒரு சிறு வேலை உண்டு. நெசவூரில் பிறந்த வாசகர்கள், தங்கள் ஊரில் பாவு எங்கே விரித்தார்கள், அங்கே என்ன மரம் நின்றது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதிவைக்க வேண்டும். கல்லில் வெட்டப்படாத இந்த வரலாற்றுக்கு அவர்களை விட்டால் வேறு சாட்சி இல்லை.