தசைச் சிதைவு நோய்க்கு ‘எக்ஸான் ஸ்கிப்பிங்’ ஊசி: புரதம் வருது... நடை நிலைக்குமா?

‘குழந்தையைக் காப்பாற்ற 16 கோடி ரூபாய் ஊசி வேண்டும், உதவுங்கள்’ என்று ஒரு மெசேஜ் உங்கள் வாட்ஸ்அப்புக்கும் எப்போதாவது வந்திருக்கும். அது பெரும்பாலும் எஸ்எம்ஏ எனப்படும் முதுகுத்தண்டு தசைச் செயலிழப்பு நோய்க்கான மரபணு சிகிச்சை. ஒரே ஒரு முறை போடுவது. இங்கே நாம் பார்க்கப்போவது வேறு நோய், வேறு மருந்து. நோயின் பெயர் டுஷென் தசைச் சிதைவு, சுருக்கமாக டிஎம்டி. இதற்கான ஊசி வாரா வாரம் ஏற்ற வேண்டியது. அதுவும் வாழ்நாள் முழுக்க!

டிஎம்டி என்றால் என்ன?

பலரும் இதைத் தசைநார் சிதைவு என்கிறார்கள். உண்மையில் சிதைவது நார் அல்ல, தசைதான். தசை செல்கள் சுருங்கி விரியும்போது கிழிந்துவிடாமல் காப்பது டிஸ்ட்ரோபின் என்ற புரதம். அதைத் தயாரிக்கும் ஜீனில் கோளாறு இருந்தால் புரதம் உருவாவதே இல்லை. தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, அந்த இடத்தில் கொழுப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இந்த ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பாதிக்கப்படுவது பெரும்பாலும் ஆண் குழந்தைகள். சுமார் 3,500 முதல் 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது. 2 வயதிலிருந்து 5 வயதுக்குள் அறிகுறி தெரியும். படி ஏறத் திணறுவது, நுனிக்காலில் நடப்பது, தரையில் இருந்து எழும்போது தொடையில் கையை ஊன்றி எழுவது, கெண்டைக்கால் பருத்துக் காணப்படுவது. ‘வளர்ந்தா சரியாயிடும்’ என்று வீட்டில் சொல்லிக்கொண்டே வருடங்கள் ஓடிவிடும். 12 வயதுவாக்கில் பெரும்பாலானோருக்கு வீல்சேர் தேவைப்படுகிறது. பிறகு இதயமும் மூச்சுத் தசையும் பலவீனமாகும்.

இந்த ஊசி எப்படி வேலை செய்கிறது?

செல், ஜீனில் உள்ள தகவலை மூன்று மூன்று எழுத்தாகத்தான் படிக்கும். ‘அம்மா அப்பா தம்பி பாட்டி’ என்று எழுதிப் பாருங்கள். எல்லாமே மூன்றெழுத்து வார்த்தை. இப்போது முதல் வார்த்தையில் ‘ம்’ என்ற ஓர் எழுத்தை மட்டும் அழித்துவிட்டு, மறுபடி மூன்று மூன்றாகப் பிரியுங்கள். ‘அமாஅ ப்பாத ம்பிபா ட்டி’ என்று வரும். கடைசி வரை ஒன்றுமே புரியாது. டிஎம்டியில் நடப்பது இதுதான்.

இனி, மிச்சமிருக்கும் ‘அ’, ‘மா’ இரண்டையும் சேர்த்து அழித்துவிடுங்கள். ‘அப்பா தம்பி பாட்டி’. அம்மாவைக் காணோம், ஆனால் மீதி வாசிக்க முடிகிறது! இன்னும் கொஞ்சம் அழித்து மீதியைக் காப்பாற்றும் இந்த உத்திக்குப் பெயர்தான் எக்ஸான் ஸ்கிப்பிங்.

டிஸ்ட்ரோபின் ஜீனில் எக்ஸான் எனப்படும் 79 துண்டுகள் இருக்கின்றன. ஒரு குழந்தைக்கு 50-வது துண்டு இல்லை என்று வைத்துக்கொள்வோம். 49-உம் 51-உம் சரியாகப் பொருந்தாது. 51-ஐயும் தாண்டிவிட்டால் 49-உம் 52-உம் பொருந்திவிடும். அந்த 51-வது துண்டின் ஆர்என்ஏ நகலில் போய் டேப் மாதிரி ஒட்டி, செல்லின் கண்ணில் படாமல் மறைக்கும் சின்னஞ்சிறு செயற்கை இழைதான் ஆன்டிசென்ஸ் ஒலிகோநியூக்ளியோடைடு. இதனால் நீளம் குறைந்த, ஆனால் ஓரளவு வேலை செய்யும் டிஸ்ட்ரோபின் கிடைக்கும். பிறவியிலேயே இப்படிக் குட்டையான புரதம் உள்ளவர்களுக்கு வரும் பெக்கர் தசைச் சிதைவு, டிஎம்டியை விட மிதமானது. இந்த யோசனைக்கு அடிப்படையே அதுதான்.

ஜீனை இந்த மருந்து திருத்துவதில்லை. நிறுத்தினால் பலனும் நின்றுவிடும்.

எல்லா குழந்தைகளுக்கும் பொருந்துமா?

பொருந்தாது. எந்தத் துண்டு இல்லையோ அதைப் பொறுத்தே மருந்து. 51-ஐத் தாண்டவைக்கும் எடிப்ளிர்சன், டிஎம்டி குழந்தைகளில் சுமார் 13 சதவீதம் பேருக்குத்தான் பொருந்தும். 53-க்கு கோலோடிர்சன், வில்டோலார்சன், 45-க்கு காசிமெர்சன் என மற்ற மருந்துகள் வந்தன. இவை தலா சுமார் 8 சதவீதம் பேருக்கு.

அனுமதி கிடைத்தது, ஆனால்...

2016 செப்டம்பரில் அமெரிக்காவின் எஃப்டிஏ எடிப்ளிர்சனுக்கு அனுமதி கொடுத்தது. அதற்கு முன் நடந்தது பெரிய போராட்டம். ஆதாரமாக இருந்த முக்கிய ஆய்வில் பங்கேற்றவர்கள் வெறும் 12 சிறுவர்கள். ஆலோசனைக் குழுவில் பெரும்பான்மையினர் ஆதாரம் போதாது என்றார்கள். பெற்றோர்களும் வீல்சேரில் வந்த சிறுவர்களும் நேரில் பேசினார்கள். கடைசியில் எஃப்டிஏவின் மூத்த அதிகாரி ஜேனட் உட்காக், தன் சொந்த ஆய்வாளர்களின் கருத்தையும் மீறி அனுமதிக்கு ஆதரவாக முடிவெடுத்தார்.

கிடைத்ததும் ‘துரித அனுமதி’. அதாவது, புரதம் கூடுகிறது, எனவே பலன் இருக்கலாம். பலனைப் பிறகு நிரூபியுங்கள் என்ற நிபந்தனையோடு. புரதம் எவ்வளவு கூடியது தெரியுமா? 180 வாரங்கள் மருந்து ஏற்றிய பிறகு, இயல்பான அளவில் சராசரியாக 0.93 சதவீதம். ஒரு சதவீதம்கூட இல்லை. ஐரோப்பிய மருந்து முகமை 2018-ல் இதே மருந்தை நிராகரித்தது.

அடுத்து வந்த முடிவுகளும் தெம்பூட்டவில்லை. வில்டோலார்சனுக்கு 2024-லும், கோலோடிர்சன், காசிமெர்சன் இரண்டுக்கும் 2025 நவம்பரிலும் பெரிய சோதனைகளின் முடிவு வெளியானது. வெற்று மருந்து ஏற்றிய குழந்தைகளோடு ஒப்பிட்டபோது, முக்கிய அளவீட்டில் உறுதியாகச் சொல்லும்படியான வித்தியாசம் கிடைக்கவில்லை.

இத்தனைக்கும் இதே தொழில்நுட்பத்தில் உருவான நுசினெர்சன், எஸ்எம்ஏ குழந்தைகளுக்கு நல்ல பலன் தந்திருக்கிறது. அதை முதுகுத்தண்டு நீரில் நேரடியாகச் செலுத்துகிறார்கள், போக வேண்டிய நரம்பு செல்களுக்குப் போய்விடுகிறது. டிஎம்டியில் உடல் முழுக்க உள்ள தசைகளுக்கு ரத்தம் வழியாகப் போக வேண்டும். பெரும்பகுதி சிறுநீரில் வெளியேறிவிடுகிறது, இதயத் தசைக்கோ மிகக் குறைவாகவே சேர்கிறது. தசையைத் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடியோடு மருந்தை இணைக்கும் அடுத்த தலைமுறை முயற்சிகள் நடப்பது இதனால்தான்.

இந்தியாவில் செலவுக்கு வழி என்ன?

எடிப்ளிர்சன் அறிமுகமானபோது சொல்லப்பட்ட விலை ஆண்டுக்கு சுமார் 3 லட்சம் டாலர், அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 2 கோடி ரூபாய். எடைக்கு ஏற்ப அளவு என்பதால் பையன் வளர வளர பில்லும் வளரும். மத்திய அரசின் 2021 அரிய நோய்கள் கொள்கையில் டிஎம்டியும் இருக்கிறது. ஆனால் அதில் உதவி அதிகபட்சம் 50 லட்சம். மூன்று மாத மருந்துக்குத்தான் வரும்.

அதனால் வீட்டை விற்று இந்த ஊசிக்கு அலைவதற்கு முன், டாக்டரிடம் கேட்க வேண்டியது: என் பையனுக்கு எந்த எக்ஸான் இல்லை? எம்எல்பிஏ என்ற மரபணுப் பரிசோதனை பெரும்பாலும் இதைச் சொல்லிவிடும். கோவையில் உள்ள எம்டிசிஆர்சி ஆய்வு மையம் பல ஆண்டுகளாக இந்த நோய்க்கான பரிசோதனையில் ஈடுபட்டு வருகிறது.

சந்தேகம் வந்தால் முதலில் செய்ய வேண்டியது சிபிகே என்ற ரத்தப் பரிசோதனை. இன்னொரு விஷயம், தசை சிதைந்தாலும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி அளவு எகிறும். அதைக் கல்லீரல் கோளாறு என்று நினைத்து மாதக்கணக்கில் அலைந்த குடும்பங்கள் உண்டு.

விலை குறைந்த ஸ்டீராய்டு மாத்திரைகள்தான் இன்றும் முதல் சிகிச்சை. பிரெட்னிசோலோன், டெஃப்லாசகார்ட் போன்றவை நடக்கும் காலத்தை சில ஆண்டுகள் நீட்டிக்கும் என்பதற்கு ஆதாரம் வலுவாகவே உள்ளது. உடல் எடை கூடுவது, எலும்பு பலவீனமாவது போன்ற பக்கவிளைவுகள் இருப்பதால் டாக்டர் கண்காணிப்பு கட்டாயம். திடீரென்று நிறுத்தவும் கூடாது.

மூன்றில் இரண்டு குழந்தைகளுக்கு இந்த ஜீன் அம்மாவிடமிருந்து வந்திருக்கும். மீதிப் பேருக்குப் புதிதாக ஏற்பட்ட மாற்றம். அம்மாவிடம் இருப்பது உறுதியானால் பையனின் அக்கா, தங்கை, சித்தி, பெரியம்மா எல்லோரும் டெஸ்ட் எடுப்பது நல்லது. ஜீனைச் சுமக்கும் பெண்களில் சிலருக்கு இதயத் தசை பலவீனமாவதும் உண்டு, அதற்கு எக்கோ எடுத்துப் பார்க்க வேண்டும்.