வீடியோ விளையாட்டுச் சந்தா: ஒரு சரித்திர நோக்கு

எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையே வாவி கிடக்கிறது. 2014ஆம் ஆண்டில் யப்பானிய உதவியுடன் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை, அவ்விடத்திற் பாதைக்காகக் காத்து நின்றவர் எம்மவருட் பலர். வாலிபர் ஆடும் வீடியோ விளையாட்டிலும் இத்தகைய கரைத் தொல்லை உண்டு. பெரியோர் இதனைச் சிறுபிள்ளை விடயமென்று தள்ளிவிடாது, சற்றுப் பொறுத்து வாசிக்குமாறு வேண்டுகிறேன்.

விளையாட்டை விலைக்கு வாங்குவது ஒரு முறை. சந்தா கட்டியிருக்கும் வரை பல விளையாட்டுக்களை ஆடுவது மற்றொரு முறை. பின்னையது நேற்று வந்ததென்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. 1981இலேயே ஐக்கிய அமெரிக்காவில், மற்றெல் கம்பனியின் இன்ரெலிவிஷன் யந்திரத்துக்குத் தொலைக்காட்சிக் கம்பி வழியாக விளையாட்டுக்களை அனுப்பும் 'பிளேகேபிள்' தோன்றியது. புதிய விளையாட்டுக்கள் பெரிதாகப் பெரிதாக அக்கருவியின் சிறிய நினைவகம் அவற்றைத் தாங்கவில்லை; 1983இல் அது நின்றது. 1994இல் வந்த 'சேகா சனல்' 1998இல் மறைந்தது. மைக்ரோசொப்ற் 2017 யூனில் மாதம் 9.99 டொலருக்குத் தொடங்கிய 'கேம் பாஸ்' மட்டும் வேரூன்றியது. (டொலரிற் கட்டும் எச்சந்தாவும் எமக்கு வேறு கதை. 2022இல் டொலர் இருநூறு ரூபாவளவிலிருந்து முந்நூற்றறுபது வரை ஏறியபோது, சந்தா மாறாமலே எமது செலவு ஏறிற்று.)

கூகிளின் 'ஸ்ரேடியா' 2019 நவம்பரில் வந்து, 2023 சனவரி 18இல் மூடப்பட்டது. விலைக்கு வாங்கியோருக்குப் பணம் திரும்பியது, விளையாட்டுத் திரும்பவில்லை.

இனி யந்திரம் விட்டு யந்திரம் செல்லும் வழியைப் பார்ப்போம். 2018 யூனில் 'போர்ட்நைற்' நின்ரெண்டோவின் சுவிச் யந்திரத்துக்கு வந்தது. பிளேஸ்டேஷனில் முன்னர் ஆடியவர் தம் பழைய கணக்குடன் அதிற் புக முயன்றபோது, கதவு அடைபட்டிருந்தது! உலகெங்கும் எழுந்த கண்டனத்தின் பின், அவ்வாண்டு செப்டெம்பரிலேயே சோனி கம்பனி இணங்கியது.

எம் நாட்டைத் தொட்ட சம்பவம் 2024 மே மாதத்தில் நிகழ்ந்தது. சோனி வெளியிட்ட 'ஹெல்டைவர்ஸ் 2' பெப்ரவரியிலிருந்து, ஸ்ரீம் என்னும் இணையக் கடை மூலம் கணினிக்காரருக்கும் விற்கப்பட்டு வந்தது. மே 3ஆந் திகதி, அவர்கள் யாவரும் பிளேஸ்டேஷன் கணக்கொன்றையும் இணைத்தே ஆகவேண்டுமென அறிவிப்பு வந்தது. அக்கணக்குத் திறக்கக்கூடிய நாடுகளின் பட்டியலிலோ இலங்கை இல்லை! 170க்கு மேற்பட்ட நாடுகளில் விற்பனையும் நிறுத்தப்பட்டது. முழுவிலை கொடுத்து, மூன்று மாதம் ஆடியவன், தன் வீடு எந்நாட்டில் இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் வெளியே நிற்கும் நிலை! கொழும்பானால் என்ன, கல்லடியானால் என்ன? இதனை நியாயமென்று எவ்வாறு கொள்வது?

ஆடுவோர் வாளாவிருக்கவில்லை. ஸ்ரீம் கடையின் பக்கத்திலே இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான கண்டனங்களை எழுதிக் குவித்தனர். அவற்றுட் பெரும்பாலானவை கணக்குத் திறக்க வசதியுள்ள நாட்டவர் எழுதியவையாகவே இருத்தல் வேண்டும். எமக்காகவும் அவர்கள் பேசினார்கள் என்பது என் எண்ணம். மே 6ஆந் திகதி கட்டளை மீளப் பெறப்பட்டது. ஆயினும் நிறுத்திய விற்பனை உடனே திறக்கவில்லை.

2025 ஓகஸ்ட் 26இல் அதே விளையாட்டு, போட்டிக் கம்பனியான மைக்ரோசொப்றின் எக்ஸ்பொக்ஸ் யந்திரத்துக்கும் வந்தது. இன்று மூவகை யந்திரத்தாரும் ஒரே களத்தில் ஆடுகின்றனர்.