ஜே.இ.இ. மெயினுக்குத் தயாராவது வீண் வேலையா? திருப்பதியிலிருந்து ஒரு கணக்கு

உங்கள் தம்பியோ அக்கா மகளோ சித்தூர், நகரி, புத்தூர் பக்கம் பதினொன்றாம் வகுப்பு, அதாவது ஆந்திராவில் சொல்வதுபோல் 'இன்டர்' முதல் வருஷம், சேரப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் சம்பாதிப்பவர் நீங்கள்தான் என்றால் கேள்வி உங்களிடம்தான் வரும்: "திருப்பதியில் ஹாஸ்டலோடு ஜே.இ.இ. கோச்சிங் சேர்க்கலாமா? ஐஐடியே பக்கத்தில்தானே இருக்கு?"

முதலில் அந்த 'பக்கத்தில்' என்ற வார்த்தையைப் பார்த்துவிடலாம். ஐஐடி திருப்பதி 2015-ல் தொடங்கப்பட்டது. அதன் வளாகம் ஏர்பேடு அருகே இருக்கிறது. ஆனால், ஐஐடிகளில் மாநில ஒதுக்கீடு கிடையாது. வளாகத்துக்கு எதிர் வீட்டில் குடியிருந்தாலும் ஒரு மதிப்பெண்கூடச் சலுகை இல்லை.

மெயின் எதற்கு, எதற்கு இல்லை?

ஜே.இ.இ. மெயின் ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது. என்ஐடி, ஐஐஐடி போன்ற கல்லூரிகளுக்கு அதுவே இறுதித் தேர்வு. திருப்பதி மாவட்டத்திலேயே உள்ள ஸ்ரீசிட்டி ஐஐஐடிக்கும் இந்த ரேங்க்தான். ஐஐடிக்கோ அது வெறும் வாசல். மெயினில் தேறும் முதல் 2,50,000 பேர் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு எழுதலாம். அதன்பின் மெயின் மதிப்பெண்ணை யாரும் பார்ப்பதில்லை. அட்வான்ஸ்டு ரேங்க் மட்டும்தான் கணக்கு.

திருமலைக்கு அலிபிரி வழியாகவும் நடக்கலாம், ஸ்ரீவாரி மெட்டு வழியாகவும் நடக்கலாம். எதில் போனாலும் ஒரே மலைதான். தேர்வுகள் அப்படி இல்லை. அதே ஏர்பேடு பக்கம் இருக்கும் ஐசருக்கு ஐ.ஏ.டி. என்ற தனித் தேர்வு. மெயின் ரேங்க் அங்கே உதவாது. எஸ்.வி. பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரி மாதிரியான இடங்களுக்கு ஏபி ஈஏபிசெட் எழுத வேண்டும்.

எண்கள் என்ன சொல்கின்றன?

2024-ல் மெயின் எழுதியவர்கள் 14 லட்சத்துக்கும் மேல். அட்வான்ஸ்டுக்குத் தகுதி பெற பொதுப் பிரிவில் சுமார் 93.2 பர்சன்டைல் தேவைப்பட்டது. ஓபிசிக்கு சுமார் 79.7, எஸ்சிக்கு சுமார் 60.1. பர்சன்டைல் என்றால் சதவீதம் இல்லை. 93 என்றால் எழுதியவர்களில் 93 சதவீதம் பேர் உங்களுக்குச் சமமாகவோ பின்னாலோ இருக்கிறார்கள் என்று அர்த்தம். இதைப் புரியாமல் "93 மார்க் வாங்கணுமாம்" என்று பயப்படும் பெற்றோர் நிறையப் பேர். அந்த ஆண்டு எல்லா ஐஐடிகளிலும் சேர்த்து இடங்கள் 17,740.

ஆக, வாசல் அகலம், உள்ளே இடம் குறைவு. 'அட்வான்ஸ்டுக்குத் தகுதி' என்று ஃபிளெக்ஸ் பேனரில் போடும் எண்ணிக்கையைப் பார்த்து மயங்கவேண்டாம். அது சீட் இல்லை.

பலர் கவனிக்காத விஷயம்

வேலூர், ராணிப்பேட்டை, திருத்தணி பக்கத்துக் குடும்பங்கள் இதைக் கட்டாயம் படிக்கணும். என்ஐடிகளில் பாதி இடங்கள் சொந்த மாநிலத்தவருக்கு. இங்கே சொந்த மாநிலம் என்பது ஆதார் முகவரியோ தாய்மொழியோ அல்ல. பன்னிரண்டாம் வகுப்பை எந்த மாநிலத்தில் முடித்தாரோ அதுதான். பிள்ளையைத் திருப்பதிக்கு அனுப்பி இன்டர் படிக்க வைத்தால், திருச்சி என்ஐடியின் தமிழ்நாட்டு ஒதுக்கீடு போய்விடும். தாடேபள்ளிகூடத்தில் இருக்கும் ஆந்திர என்ஐடிதான் 'சொந்த' என்ஐடி ஆகும். நல்ல கோச்சிங் கிடைக்கிறது என்பதற்காக எடுக்கும் முடிவு, ரேங்க் வந்தபிறகு இப்படிக் கையைச் சுடலாம்.

தமிழ்நாட்டில் 2007 முதல் பொறியியலுக்கு மாநில நுழைவுத் தேர்வே இல்லை. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என 200-க்கு கட்ஆஃப் போட்டு கவுன்சலிங் நடக்கிறது. பூர்வீகம் தமிழ்நாடு, படித்தது வெளிமாநிலம் என்றால் நேட்டிவிட்டி சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

அப்போ எழுதணுமா?

எழுதலாம். பாடத்திட்டத்தின் பெரும்பகுதி பிளஸ் 2 பாடமேதான். அதனால் மெயினுக்குப் படித்தது ஈஏபிசெட்டுக்கும் போர்டு தேர்வுக்கும் உதவும். ஜனவரி, ஏப்ரல் என இரண்டு வாய்ப்பு. இரண்டில் எது நல்ல ஸ்கோரோ அதுவே எடுக்கப்படும். 2021 முதல் தமிழிலும் வினாத்தாள் உண்டு.

ஆனால் பழக்கம் வேறு. மெயினில் மூன்று மணி நேரத்தில் 75 கேள்விகள், தவறுக்கு ஒரு மதிப்பெண் போகும். ஈஏபிசெட்டில் அதே மூன்று மணி நேரத்தில் 160 கேள்விகள், நெகட்டிவ் இல்லை. அங்கே தெரியாததையும் குறித்துவிட்டு வரணும். இங்கே அப்படிச் செய்தால் மாட்டிக்கொள்வோம். கடைசி சில வாரங்களைப் பிரித்து ஒதுக்காதவர்கள் இரண்டிலும் தடுமாறுவார்கள்.

என் கருத்து: எழுதுவது வேறு, அதற்காக இரண்டு வருஷம் ஹாஸ்டலில் அடைபடுவது வேறு. குறி உள்ளூர்ப் பொறியியல் கல்லூரி என்றால், மெயினுக்காக மட்டும் கடன் வாங்கி ஃபீஸ் கட்டுவதில் நியாயமில்லை. ஐஐடி கானல்பூர் இல்லை, ஐஐடி கான்பூர் நடத்தும் 'சாதீ' தளம் இலவசம்தான். என்டிஏ தளத்தில் பழைய வினாத்தாள்கள் கிடைக்கின்றன. முதலில் ஒரு பழைய தாளை நேரம் வைத்து எழுதச் சொல்லுங்கள். கணிதத்தில் கால்வாசியாவது தொட முடிகிறதா, உட்கார்ந்து போராட ஆசை இருக்கிறதா என்று பாருங்கள்.

எட்டாம் வகுப்பிலேயே 'ஃபவுண்டேஷன்' சேர்க்கச் சொன்னால் மறுத்துவிடலாம். 16 வயதுக்குக் குறைந்தவர்களைக் கோச்சிங் மையங்கள் சேர்க்கக் கூடாது என்று மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலே சொல்கிறது.

கட்டணம் கட்டும் முன் இன்னொன்றும் கேளுங்கள்: நடுவில் விலகினால் மீதிப் பணம் திரும்ப வருமா? விலகினால் மீதி நாட்களுக்கான தொகையைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே வழிகாட்டுதலில் இருக்கிறது. பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.