பட்டறையில் பிறந்த நாதம்

என் பேஸ் கிட்டாரின் முதுகில் நான்கு ஸ்க்ரூக்கள் இருக்கின்றன. கழற்றினால் கழுத்து தனியாகவும் உடல் தனியாகவும் கையில் வந்துவிடும். பலாக்கட்டையைக் குடைந்து வீணை செய்யும் ஆசாரிக்கு இது வாத்தியமாகவே தோன்றாமல் போகலாம். ஓசூர் சிப்காட்டில் மெயின்டனன்ஸ் வேலை பார்க்கும் எனக்கோ, முதல்முறை அதைக் கழற்றிப் பூட்டிய இரவில்தான் அதன்மேல் உரிமை வந்தது. பகலில் நான் தொடும் மெஷின்களும் இப்படித்தான்: தேய்ந்ததை மாற்றலாம், தளர்ந்ததை இறுக்கலாம். கல்யாண மண்டபங்களிலும் திருவிழா மேடைகளிலும் இத்தனை வருடம் வாசித்ததில் எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. பேஸ் பட்டறையில் பிறந்த வாத்தியம். பட்டறைக்காரனின் கவனத்தோடு பார்த்துக்கொள்பவனுக்குத்தான் அது நல்ல நாதம் கொடுக்கும். விலையெல்லாம் அதற்கப்புறம்.

அது பிறந்த பட்டறை கலிஃபோர்னியாவில், ஃபுல்லர்ட்டன் என்ற ஊரில் இருந்தது. 1938-ல் அங்கே ரேடியோ ரிப்பேர் கடை திறந்தவர் லியோ ஃபெண்டர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. வாசிப்பவர்கள் சொல்லும் குறையைக் காது கொடுத்துக் கேட்கத் தெரியும். ஆளுயர டபுள் பேஸைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர்களுக்கு இரண்டு குறைகள் இருந்தன: வண்டியில் இடம் போதாது, ட்ரம்ஸுக்கும் மின் கிட்டாருக்கும் நடுவில் அதன் ஒலி எடுபடாது. மின் பேஸை 1930-களிலேயே சியாட்டிலில் பால் டட்மார்க் என்பவர் செய்து பார்த்திருந்தார், அது பரவவில்லை. 1951-ல் ஃபெண்டர் விற்பனைக்குக் கொண்டுவந்த பேஸ்தான் பரவியது. கிட்டாரைப் போல் தோளில் மாட்டலாம். கம்பியின் அதிரும் நீளம் 34 அங்குலம். கழுத்தின் குறுக்கே ஃப்ரெட் என்ற உலோகக் கட்டைகள் இருந்ததால் விரல் வைத்த இடத்தில் சுருதி பிசகாமல் நின்றது. ‘ப்ரிசிஷன்’ என்று பெயர் வைத்தது அதற்காகத்தான்.

அங்கிருந்து அது போய்ச் சேர்ந்த ஊர்களில் எனக்கு மிகவும் பிடித்தது டெட்ராய்ட். நம் ஓசூரைப் போலவே வண்டி செய்யும் ஊர். அங்கே கார் அசெம்ப்ளி லைனில் வேலை பார்த்த பெரி கார்டி 1959-ல் தொடங்கிய இசை நிறுவனம், மோட்டார் டவுன் என்பதைச் சுருக்கி மோட்டவுன் என்று பெயர் எடுத்தது. அதன் பாடல்களுக்கு அடித்தளம் போட்டவர் ஜேம்ஸ் ஜேமர்சன். 1962-ம் வருடத்து ப்ரிசிஷன் ஒன்று, வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்று. அவருக்கு அது போதும். கம்பியோ மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும் ஃப்ளாட்வவுண்ட் வகை, அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார். ‘புதுக் கம்பி போட்டால்தான் சவுண்ட்’ என்று யாராவது சொன்னால் எனக்கு ஜேமர்சன் ஞாபகம் வந்துவிடும். புதிதாகப் போட்ட ரவுண்ட்வவுண்ட் கம்பி பளபளவென்று பேசும்; இன்றைய குத்துப்பாட்டுக்கு அது சரி. எழுபது, எண்பதுகளின் பாட்டுக்கு, வாசித்து வாசித்துப் பளபளப்பு அடங்கிய கம்பிதான் வேண்டும்.

ஏனென்றால் அந்தப் பாட்டுகள் எழுதப்பட்டதே பேஸை நம்பித்தான். 1976-ல் ‘அன்னக்கிளி’யோடு வந்த இளையராஜா, அதற்கு முன் ஜி.கே. வெங்கடேஷிடம் கிட்டார் வாசித்து, உதவியாளராக இருந்தவர். வெங்கடேஷ் கன்னடப் படங்களுக்கு இசையமைத்துப் பெயர் பெற்றவர். ராஜாவின் பாடல்களில் பேஸ், தாளத்துக்கு முட்டுக்கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்காது. பாடகர் ஒரு வழி போனால் பேஸ் இன்னொரு வழி போய், சரணம் முடியும் இடத்தில் வந்து கைகோக்கும். சசிதரன் வாசித்த அந்த வரிகளை ஒலிநாடாவைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்டுத்தான் எங்கள் தலைமுறை பேஸ் கற்றது. பிறகு ரஹ்மான் பாடல்களில் கீத் பீட்டர்ஸ் வாசித்ததைக் கேட்டோம். கர்நாடக எல்லையில் வாசிக்கிற எங்களுக்கு ராஜா இரண்டு மடங்கு சொந்தம். ஓசூர் சந்திரசூடேஸ்வரர் தேர்த்திருவிழாவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மூன்று மொழியிலும் கேட்பார்கள். நவம்பரில் ராஜ்யோத்சவக் கச்சேரிக்கு அத்திப்பள்ளி தாண்டிப் போனால், 1981-ல் வந்த ‘கீதா’ பாட்டு இல்லாமல் மேடையை விட்டு இறங்க முடியாது. அதற்கும் இசை ராஜாதான்.

1991-க்கு முன்னால் இறக்குமதிக் கட்டுப்பாடும் தீர்வையும் நெரித்த காலத்தில் நல்ல பேஸ் ஒன்று இந்தப் பக்கம் வருவது அபூர்வம். என்னுடையது அதற்கு வெகுகாலம் பின்னால், இரண்டாம் கையாக, பெங்களூரிலிருந்து பஸ்ஸில் என் மடியில் வந்தது: இபானெஸ் ஜிஎஸ்ஆர். பெயர் சால்வதோர் இபானெஸ் என்ற ஸ்பெயின் கிட்டார் ஆசாரியுடையது. அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது ஜப்பானின் நகோயாவில் உள்ள ஹோஷினோ நிறுவனம். பூட்டியது இந்தோனேசியாவில். விரல்பலகை ரோஸ்வுட். கிட்டார் தொழிலில் அந்தப் பெயரில் பெரும்பாலும் வருவது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம்; ஜாவாவில் சோனோகெலிங் என்று வளர்ப்பதும் அதே இனம்தான். 1992-ல் பிரேசில் ரோஸ்வுட் வணிகத்துக்கு உலகத் தடை வந்தபின் ஈட்டியின் தேவை இன்னும் கூடியது. 2017-ல் ரோஸ்வுட் இனங்கள் எல்லாமே சர்வதேசக் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. கம்பெனிகள் வேறு மரங்களுக்கு மாறின. 2019-ல், செய்து முடித்த வாத்தியங்களுக்கு மட்டும் விலக்குக் கிடைத்தது. என் விரல் படும் அந்தக் கரும்பழுப்புப் பலகையை அதனால் நான் வீணாக்க மாட்டேன். வறண்டால் எண்ணெய் ஒரு துளி தடவித் துடைப்பேன்.

இனி மேடைக்கு வருவோம். ஜெனரேட்டர் ஓடும் திருவிழா மேடையில் முதல் எதிரி இரைச்சல். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பேஸின் தடித்த கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டில் வரும் ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். எர்த் சரியில்லாத மேடையில் அந்தச் சுரத்தை நீட்டி வாசித்தால், இரைச்சலும் சுரமும் மோதி நொடிக்கு ஒருமுறை வீங்கித் தணியும். கேட்பவர்களுக்குக் காரணம் தெரியாது. பாட்டு கலங்கியது மட்டும் தெரியும். இதற்கான மருந்தை ஃபெண்டர் 1957-லேயே கொடுத்துவிட்டார். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பை ப்ரிசிஷனில் இரண்டு துண்டாக்கி, ஒன்றின் காந்தத்தையும் செப்புச் சுற்றையும் மற்றதற்கு எதிராக வைத்தார். வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கம்பியின் ஒலி கூடிக்கொள்ளும். என் பேஸில் அந்த வகை பிக்கப்பும் உண்டு, ஒற்றைச் சுருள் பிக்கப்பும் உண்டு. திருவிழா மேடையில் ஒற்றைச் சுருளின் நாபை மூடிவிடுவேன்.

இரண்டாவது எதிரி மண்டபம். தரையெல்லாம் கிரானைட், சுவரெல்லாம் டைல்ஸ். அடி ஒலி அங்கே தேங்கி நிற்கும். வீட்டில் தனியாக வாசிக்கும்போது அடியையும் உச்சியையும் ஏற்றி நடுவைக் குறைத்தால் காதுக்குச் சுகமாக இருக்கும். அதே அமைப்போடு மேடை ஏறினால் நம் சுரம் ரிதம் பேடின் அடியிலும் கீபோர்டின் இடது கையிலும் கரைந்து போகும். நான் அடியைச் சற்றுக் குறைத்து, 800 ஹெர்ட்ஸை ஒட்டிய நடுப்பகுதியை ஏற்றுவேன். தனியாகக் கேட்டால் மூக்கால் பேசுவது போல இருக்கும். குழுவோடு சேரும்போது ஒவ்வொரு சுரமும் எழுத்துக்கூட்டிப் படிக்கிற மாதிரி தெளியும். ஆம்ப் சுமப்பதை விட்டு நாளாயிற்று. சவுண்ட் சர்வீஸ்காரரின் மிக்ஸருக்குள் போக நல்ல டிஐ பாக்ஸ் ஒன்றும், நானே பற்றவைத்த கேபிள் இரண்டும் போதும்.

மூன்றாவது, சீதோஷ்ணம். ஓசூர் ஏறக்குறைய 2,900 அடி உயரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சிக்குக் கோடையில் இறங்கிப் போனால் காற்றே வேறு. கழுத்து மரம் அசையும். கம்பி ஃப்ரெட்டில் மோதிக் கரகரக்கும். கழுத்துக்குள் இருக்கும் எஃகுக் கம்பியான ட்ரஸ் ராடைக் கால் சுற்றுத் திருகினால் சரியாகிவிடும். கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திக்கொண்டு, நடுவில் ஃபீலர் கேஜ் விட்டுப் பார்ப்பேன். 0.3 மில்லிமீட்டர் இடைவெளி எனக்குச் சரி. பேரிங் பார்க்கிற அதே கேஜ்தான்.

இப்போது பல குழுக்களில் கீபோர்டுக்காரரே இடது கையால் பேஸ் வாசித்துவிடுகிறார். ஒரு ஆள் சம்பளம் மிச்சம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது, கச்சேரிக்குக் கிடைக்கும் பணம் அப்படி. ஆனால் கீபோர்டில் ஒரு சுரம் அழுத்தினால் வந்து, விட்டால் நின்றுவிடும். கம்பியில் விரல் வழுக்கிப் போகும் வழியும், சுரத்தை அடக்கும் அந்தக் கணமும் சேர்ந்ததுதான் பேஸ். ராஜாவின் வரிகளில் பாதி உயிர் அந்த வழியில் இருக்கிறது. அதற்காகவே இந்த வாத்தியம் மேடையை விட்டுப் போகக் கூடாது என்று நினைக்கிறேன்.

போன ஆயுத பூஜைக்கு எங்கள் ஷாப்பில் ஸ்பேனர்களுக்கும் வெர்னியருக்கும் நடுவே பேஸை வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டோம். என்னிடம் வாசிக்கக் கற்கும் அப்ரென்டிஸ் பையன் அன்றைக்குக் கேட்டான்: “அண்ணா, நான் எந்த பேஸ் வாங்கட்டும்?”

“இப்ப வாங்காதே. முதல்ல இதைக் கொண்டுபோய் வாசி,” என்றேன்.

மூன்று மாதம் அவன் வீட்டில் இருந்துவிட்டு வந்தது. கழுத்தைப் பார்த்தேன், கேஜ் விட்டேன். 0.3. பனிக்காலம் வந்திருந்தது, அவனே திருகியிருக்கிறான். ட்ரஸ் ராட் சாவியைத் திருப்பி நீட்டினான். அதை அவனிடமே வைத்துக்கொள்ளச் சொன்னேன்.